நான் தண்ணி லாரியைத் தட்டிப் பார்த்த கதை

ஒரு உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். முனைவர் பட்டத்துக்காக ஐந்தரை வருடம் மண்டையை உடைத்துக்கொண்ட என் தலைப்பை, இன்றுவரை எந்த உறவினரிடமும் முழுதாகச் சொல்லி முடித்ததில்லை. 'வட்டமல்லாத குறுக்குவெட்டு கொண்ட மெல்லிய உருளைக் கூடுகளின் அதிர்வு நடத்தை.' இதில் 'குறுக்குவெட்டு' வருவதற்குள் பாதிப் பேர் கை கழுவ எழுந்து போய்விடுவார்கள். மிச்சம் இருப்பவர்கள் 'கூடு' என்ற இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து, "அப்போ குருவிங்களப் பத்தியா?" என்பார்கள். 'நடத்தை' வரைக்கும் பொறுமையாக இருந்தவர் என் சின்ன மாமா ஒருவர்தான். அவர் கேட்டது: "நடத்தை சரியில்லன்னா என்ன பண்ணுவாங்க?"

விஷயம் அவ்வளவு கஷ்டமானது இல்லை. வட்டமான ஒரு தகர டப்பாவை எந்தப் பக்கம் தட்டினாலும் ஒரே மாதிரிதான் அதிரும். அதையே இரண்டு பக்கமும் அமுக்கி முட்டை வடிவம் ஆக்கிவிட்டால் பக்கத்துக்குப் பக்கம் குணம் மாறும். தட்டையான இடம் லொடலொடவென்று ஆடும். வளைந்த முனை விறைப்பாக நிற்கும். எந்த இடம் எவ்வளவு ஆடும் என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் என் வேலை. விமானத்தின் உடம்பு, காற்றுக் குழாய், எண்ணெய்த் தொட்டி என்று இதற்கு ஏகப்பட்ட பயன் உண்டு (என்று என் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்).

கணக்கெல்லாம் போட்டு ஒரு கட்டுரை எழுதி அனுப்பினோம். திரும்பி வந்தது. 'கணக்கு அழகாக இருக்கிறது. நிஜத்தில் எதையாவது தட்டிப் பார்த்தீர்களா?' என்று ஒரே ஒரு வரி. மூன்று வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

என் வழிகாட்டிப் பேராசிரியர் அதிகம் பேசாதவர். "தட்டிப் பார்த்துட்டு வா," என்றார். பிறகு மேசை டிராயரின் பூட்டைத் திறந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். உள்ளே பஞ்சுக்கு நடுவில் புளியங்கொட்டை அளவில் ஒரு உலோகத் துண்டு. அதிர்வை அளக்கும் சென்சார். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது, எங்கள் ஆய்வகத்துக்கே அது ஒன்றுதான். "இது தொலைஞ்சா நீ இங்க வர வேண்டாம்மா," என்றார். குரலை உயர்த்தவே இல்லை. அதனால்தான் இன்னும் பயமாக இருந்தது.

தட்டிப் பார்க்க முதலில் ஒரு முட்டை வடிவ உருளை வேண்டுமே. ஈக்காட்டுத்தாங்கலில் தகடு வளைத்துக் கொடுக்கும் ஒரு பட்டறைக்குப் போய் வரைபடம் கொடுத்தேன். ஐந்து நாள் கழித்துப் போனால், வழவழவென்று, கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி ஒரு உருளை செய்து வைத்திருந்தார் மாஸ்டர். முழு வட்டம்.

"மாஸ்டர், இது வட்டமா இருக்கே."

"ஆமா மேடம். உங்க டிராயிங்ல கொஞ்சம் நசுங்கி இருந்துச்சு. நான் சரி பண்ணிட்டேன்."

நசுங்கியிருப்பதுதான் என் ஆராய்ச்சி என்று அவருக்கு விளக்க முக்கால் மணி நேரம் ஆனது. தலையாட்டினார். மறுபடி ஐந்து நாள். இந்த முறை முட்டை வடிவம்தான், ஆனால் மனசு கேட்காமல் பாதி வழியில் வட்டத்துக்குத் திரும்பியிருந்தார். ஒரு முனை முட்டை, மறு முனை ஆரஞ்சுப் பழம். "ரெண்டுக்கும் பொதுவா இருக்கட்டும்னு பண்ணேன் மேடம்," என்றார். மூன்றாவது ஒன்று செய்யச் சொல்லிவிட்டு வந்தேன். பத்து நாள் போய்விட்டது. எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது கடிக்க வேண்டும்போல இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மயிலாப்பூரில் எங்கள் குடியிருப்பின் போர் மோட்டார் எரிந்தது. பன்னிரண்டு வீடு. என் அம்மாதான் சங்கச் செயலாளர். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், ஓய்வெடுக்கத் தெரியாமல் அந்தப் பதவியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மோட்டார் சரியாகும் வரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் லாரி வர ஏற்பாடு செய்தாள்.

முதல் லாரி வந்த நாள் பால்கனியில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். கீழே லாரி ரிவர்ஸ் எடுத்து வந்தது. அதன் பின்புறத்தைப் பார்த்தேன். பிரஷ் வாயிலேயே நின்றுவிட்டது.

முட்டை வடிவம்! அப்பழுக்கில்லாத நீள்வட்டம்! நீளமாக, மெல்லிய இரும்புத் தகட்டில், யாருடைய மனசாட்சியும் நடுவில் புகுந்து வட்டமாக்காத ஒரு உருளைக் கூடு! சென்னை முழுக்கத் தினமும் நூற்றுக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் ஈக்காட்டுத்தாங்கலில் போய் மன்றாடிக்கொண்டிருக்கிறேன். மாதாவே, இது உன் வேலைதான் என்று நுரை வாயோடு சிலுவை போட்டுக்கொண்டேன். (மாதாவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது பிறகு நிரூபணமாயிற்று.)

அடுத்த லாரி ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு. அதில்தான் சோதனை என்று முடிவு செய்தேன். அந்த ஞாயிறு வேறொரு விசேஷமும் இருந்தது. அது என் மூளையில் பதியவே இல்லை. தரைத்தளத்தில் இருக்கும் ஜமீலா ஆன்ட்டியின் மகளுக்கு அன்று நிச்சயதார்த்தம். அறுபது பேருக்கு விருந்து. கார் நிறுத்தும் இடத்தில் ஷாமியானா போட்டு, பிரியாணி போட இரண்டு பெரிய தேக்சாவோடு சமையல்கார பாய் விடியும்போதே வந்து இறங்கிவிட்டார். அரிசி களைய, கறி கழுவ, வந்தவர்கள் கை கழுவ, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு லாரித் தண்ணீர்தான்.

"அம்மா, லாரி வந்ததும் எனக்கு அஞ்சு நிமிஷம் வேணும். ஒரு சின்ன டெஸ்ட்."

"அஞ்சு நிமிஷம்தானே?"

"அஞ்சே நிமிஷம்."

ஒரு கணக்கு டீச்சரிடம் இப்படிப் புளுகியிருக்கக் கூடாது. லாரியின் தொட்டியில் நாற்பது இடங்களில் தட்ட வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் ஐந்து முறை. அதுவும் தொட்டி நிறைந்திருக்கும்போது ஒரு சுற்று, பாதி காலியானதும் ஒரு சுற்று, முழுக்கக் காலியானதும் ஒரு சுற்று. மொத்தம் அறுநூறு தட்டு. இதைத்தான் ஐந்து நிமிஷம் என்றேன்.

போதாக்குறைக்கு ஆய்வகத்தின் வெள்ளைக் கோட்டை வேறு மாட்டிக்கொண்டேன். எதற்கு? யாரும் கேட்கவில்லை. தெருவில் நின்று லாரியைத் தட்டுகிறவளுக்குக் கொஞ்சம் மரியாதை இருக்கட்டும் என்று நானாகச் செய்தது. அன்றைக்கு நடந்த அத்தனைக்கும் அந்தக் கோட்டுதான் பிள்ளையார் சுழி.

லாரி வந்தது. டிரைவர் பெயர் ஏழுமலை. ஐம்பது வயதிருக்கும், காக்கிச் சட்டை, காதில் செருகிய பேனா, நெற்றியில் பளிச்சென்று திருநீறு. ஹோஸை இறக்கப் போனவரை ஓடிப்போய் நிறுத்தினேன்.

"அண்ணே, கொஞ்சம் இருங்க. உங்க லாரியை டெஸ்ட் பண்ணணும்."

என்னையும் கோட்டையும் ஏற இறங்கப் பார்த்தார். "டாக்டராமா நீ?"

"ஆகப்போறேன்."

"லாரிக்கு இன்னா? நல்லாத்தான கீது?"

நான் ஆராய்ச்சியை விளக்கினேன். அவர் 'வட்டமல்லாத' வரை கேட்டுவிட்டு, "செரி, சீக்கிரம் பாரு. ஒம்போதுக்கு மந்தவெளில ஒரு லோடு கீது," என்று சக்கரத்தில் சாய்ந்துகொண்டார்.

தொட்டி முழுக்கச் சாக்பீஸால் ஒன்று முதல் நாற்பது வரை எழுதினேன். சென்சாரைத் தேன்மெழுகால் தொட்டியில் ஒட்டினேன். அதிலிருந்து வரும் ஒயரை மதில் சுவரில் வைத்த லேப்டாப்பில் இணைத்தேன். போன் அடித்தால் அந்த அதிர்வு பதிவைக் கெடுத்துவிடும் என்று அதை ஏரோப்ளேன் மோடில் போட்டுக் கோட்டுப் பைக்குள் வைத்தேன். (பூகம்பத்தை அளக்கப் போகிறவள் மாதிரி.) சின்னச் சுத்தியலை எடுத்து முதல் இடத்தில் தட்டினேன். டங்.

ஒரு தட்டு தட்டினால் சத்தம் முழுதாக அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் யாரும் லாரியைத் தொடக் கூடாது, பக்கத்தில் எதுவும் ஓடக் கூடாது. மயிலாப்பூர்த் தெருவில், ஞாயிறு காலையில்! மூன்றாவது தட்டில் பால் வண்டி போனது. அழி. ஏழாவது தட்டில் குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. அழி. பதினொன்றாவது தட்டில் ஏழுமலை அண்ணன் தும்மினார். அழி.

"அண்ணே, தயவு செஞ்சு கொஞ்சம் சத்தம் போடாம இருங்க."

"இன்னாமா, கதவத் தட்ற மாதிரி தட்டிக்கினே கீற? உள்ள யாரும் இல்லமா."

எட்டு மணிக்குப் பன்னிரண்டாவது இடத்தில் இருந்தேன். அம்மா இரண்டு முறை வந்து, "போதும்டி ஸ்டெல்லா" என்றாள். ஜமீலா ஆன்ட்டி பட்டுப் புடவையும் ஹேர் கிளிப் போட்டுச் சுருட்டிய தலையுமாக வந்து, "கண்ணு, அரிசி ஊறணும்னு பாய் கத்துறார்மா," என்றார். "இதோ ஆச்சு ஆன்ட்டி," என்றேன். என் கண் திரையில்தான் இருந்தது. பாய் தேக்சாவுக்குப் பக்கத்தில் இடுப்பில் கை வைத்து, தொலைந்துபோன தன் பொருளை நான் வைத்திருப்பதைப் போல என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் மூன்றாவது மாடி நரசிம்மன் மாமா இறங்கி வந்தார். தராசு, படி, லிட்டர் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கடை கடையாகச் சோதிக்கும் அரசாங்க வேலையில் முப்பத்தைந்து வருடம் இருந்தவர். உலகத்தில் எல்லாமே கொஞ்சம் குறைவாகத்தான் அளக்கப்படுகிறது என்பது அவருடைய தீர்மானமான நம்பிக்கை. வெள்ளைக் கோட்டு, சுத்தியல், சாக்பீஸ் எண்கள் எல்லாவற்றையும் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததே ஒரு மலர்ச்சி!

"பேஷ்! நானே சொல்லணும்னு நெனச்சுண்டிருந்தேன். முழு லாரின்னு சொல்லிண்டு முக்கால் லாரிதான் கொண்டு வரான். நன்னாத் தட்டிப் பாரு கொழந்தே. விடாதே."

"சரி மாமா," என்றேன். காதில் வாங்கவே இல்லை. ஏனென்றால் அந்த நேரம் திரையில் ஒரு எண் வந்திருந்தது. தொட்டியின் முதல் அதிர்வெண். நான் கணக்குப் போட்டு எதிர்பார்த்ததைவிட நன்றாகக் கீழே.

மாமா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "என்னம்மா காட்றது? கொறச்சலா இருக்கா?"

நானும், என் அறிவும், என் ஐந்தரை வருடப் படிப்பும் சேர்ந்து, தெருவுக்கே கேட்கும் குரலில் சொன்னோம்:

"ஆமா மாமா. இருக்க வேண்டியதைவிட ரொம்பக் குறைவாத்தான் இருக்கு."

தெரு அமைதியாகிவிட்டது. அவ்வளவு நேரம் கெஞ்சிக் கேட்டும் கிடைக்காத அமைதி. தட்டுவதற்குப் பிரமாதமான சூழ்நிலை.

"பாத்தேளா!" என்றார் மாமா, ஷாமியானா கட்டுகிறவர்களைப் பார்த்து.

ஏழுமலை அண்ணன் சக்கரத்திலிருந்து மெதுவாக நிமிர்ந்தார். "இன்னாது? கொறைவா கீதா?"

"இல்லண்ணே, அது வந்து..."

"இருவது வருசமா லாரி ஓட்றேன். ஒரு கொடம் கொறைச்சு ஊத்துனான்னு எவனும் என்னிய சொன்னது கெடயாது. காத்தாலேர்ந்து இதுக்குத்தான் தட்டிக்கினு இருந்தியா? டாக்டராம் டாக்டர்!"

நான் வாயைத் திறப்பதற்குள் ஹோஸைச் சுருட்டி மாட்டிவிட்டு ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பிவிட்டார். லாரி நகர்ந்தது. ஒயர் விறைத்தது. லேப்டாப் மதில் சுவரிலிருந்து வழுக்கிக்கொண்டு லாரியைப் பின்தொடரக் கிளம்பியது. ஒரு நொடிதான். பாய்ந்து லேப்டாப்பைக் கட்டிப் பிடித்தேன். ஒயர் பிடுங்கிக்கொண்டு போனது. தெரு முனையில் லாரி திரும்பும்போது அந்த ஒயர் வால் மாதிரி ஆடிக்கொண்டு போனதைப் பார்த்தேன். வாலின் மறு முனையில் என் பேராசிரியரின் புளியங்கொட்டை.

"தண்ணி!" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. சமையல்கார பாய்.

லேப்டாப்பை அம்மாவின் கையில் திணித்துவிட்டு ஓடினேன். கச்சேரி ரோட்டில் ஒரு ஆட்டோவை மறித்து ஏறினேன்.

"அந்த லாரியைப் பிடிங்க!"

ஆட்டோக்காரருக்கு உற்சாகம். "எந்த லாரி மா?"

"தண்ணி லாரி. முட்டை மாதிரி இருக்கும்."

"எல்லாமே அப்டித்தான மா இருக்கும். இன்னா கலரு?"

யோசித்தேன். ஒரு மணி நேரம் அந்த லாரியை மூக்கு படும் தூரத்தில் நின்று தட்டியிருக்கிறேன். என்ன நிறம் என்று தெரியவில்லை. நம்பர் தெரியவில்லை. பின்னால் என்ன எழுதியிருந்தது என்று தெரியவில்லை. அதன் அதிர்வெண் மட்டும் தசமத்துக்குப் பிறகு இரண்டு இடம்வரை தெரியும். அதை ஆட்டோக்காரரிடம் சொல்லவில்லை. அந்த அளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது.

"சாக்பீஸ்ல நம்பர் எழுதியிருக்கும்," என்றேன்.

மந்தவெளியில் தேடிப் பார்த்துக் காணாமல், மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடைத்து வைத்த சந்துகளில் எல்லாம் சுற்றிச் சுற்றி அடையாறு பாலம் ஏறினோம். சிக்னலில் ஒரு தண்ணீர் லாரி நின்றது. குதித்து இறங்கி அதைச் சுற்றி ஓடினேன். நம்பர் இல்லை. டிரைவர் எட்டிப் பார்த்து, "இன்னா மேடம், இன்ஸ்பெக்சனா?" என்றார். அடுத்தது இந்திரா நகரில். அதிலும் இல்லை. அந்த டிரைவர் நான் கேட்காமலே புகைச் சான்றிதழை எடுத்து நீட்டினார். மூன்றாவது லாரியைத் திருவான்மியூர் பக்கம் ஒரு மரத்தடியில் கண்டுபிடித்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் அதே நீள்வட்டம், அதே நீளம். ஆர்வமாகக் கிட்டே போய்த் தொட்டியின் மேல் முகத்தை ஒட்டி ஒயரைத் தேடினேன். அது தண்ணீர் லாரி இல்லை. என்ன லாரி என்பது மூச்சை உள்ளே இழுத்த பிறகுதான் தெரிந்தது. (கழிவுநீருக்கும் அதே குறுக்குவெட்டுதான் என்பதை ஆய்வேட்டில் ஒரு அடிக்குறிப்பாகச் சேர்த்திருக்கலாம்.)

மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். பேராசிரியருக்குப் போன் பண்ணி, இனிமேல் வரமாட்டேன் என்று சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தேன். சிக்னல் இல்லை. ஏன் இல்லை? திரையில் ஒரு குட்டி ஏரோப்ளேன்.

அதை அணைத்ததும் போன் கையில் துள்ளத் தொடங்கியது. அம்மாவிடமிருந்து பதினாலு வாய்ஸ் மெசேஜ். முதலாவதைக் கேட்டேன். நான் கிளம்பின ஐந்தாவது நிமிடம் அனுப்பியது:

"ஸ்டெல்லா, எங்கடி ஓடுற? ஏழுமலைக்குப் போன் பண்ணேன். நம்ம பின்தெரு டீக்கடையிலதான் நிக்கிறாரு. வா."

நம்ம பின்தெரு. டீக்கடை. நான் ஓடாமல் நடந்திருந்தாலே இரண்டு நிமிடம். மீதிப் பதிமூன்று மெசேஜிலும் அம்மாவின் குரல் படிப்படியாக ஏறிக்கொண்டே போனது. பதினாலாவதில் வார்த்தையே இல்லை. ஒரு பெருமூச்சும், பின்னணியில் பாய் உருதுவில் ஏதோ சொல்லும் சத்தமும்தான்.

டீக்கடைக்கு வந்து சேர்ந்தபோது பத்தே முக்கால். லாரி நிறம் நீலம். கண்ணைப் பறிக்கிற நீலம். ஏழுமலை அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மந்தவெளிக்காரர்களுக்கு வேறு வண்டி அனுப்பச் சொல்லிவிட்டு, முழு லோடோடு, அசையாமல். என்னைப் பார்த்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். செய்தித்தாளில் மடித்து வைத்த சென்சார். பக்கத்தில் ஒயர் அழகாகச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டிருந்தது.

"ரோட்ல இழுத்துக்கினு வந்துச்சு. யார் ஊட்டுப் பொருளோன்னு எடுத்து வெச்சேன். எண்ணிப் பாத்துக்கோ. கொறைவா கீதுன்னு சொல்லிடப் போற."

"அண்ணே, நான் சொன்னது தண்ணி குறைவுன்னு இல்லண்ணே. அதிர்வெண் குறைவுன்னு."

"எந்தப் பொண்ணு?"

"பொண்ணு இல்லண்ணே. அதிர்வு... ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை ஆடுதுங்கிற எண். உள்ள தண்ணி இருந்தா அது குறையும். தண்ணி நிறைய இருக்கிறதாலதான் குறைஞ்சுது."

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். "ரொம்பி இருந்தா கொறையுமா?"

"ஆமாண்ணே."

"அப்ப அத்த அங்கியே சொல்றதுக்கு இன்னா?"

"மன்னிச்சிடுங்கண்ணே. வேணும்னா பேப்பர்ல எழுதித் தரேன்," என்றேன்.

"பேப்பர்ல எழுதித் தர வாணாம். மன்னிப்பும் வாணாம்," என்றார். "எல்லார் முன்னாடியும் நீயே மேல ஏறி மூடியத் தொறந்து பாத்து, லாரி ரொம்பி கீதுன்னு வாயால சொல்லு. அந்தப் பெர்சும் கேக்கணும். அப்பத்தான் தண்ணி."

லாரியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தேன். வாசலில் மூன்று கார் நின்றிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஷெர்வானி, ஜரிகை, அத்தர் வாசனை. அவர்கள் நடுவில் ஒரு தண்ணீர் லாரியிலிருந்து, வெள்ளைக் கோட்டில் அழுக்கும் சாக்பீஸ் தூளுமாக, இன்னதென்று சொல்ல முடியாத ஒரு வாசனையோடு (மூன்றாவது லாரி) நான் இறங்கினேன். ஜமீலா ஆன்ட்டி என்னைப் பார்த்த பார்வையை விவரிக்கப் போவதில்லை.

ஏணியில் ஏறினேன். மூடியைத் திறந்து குனிந்து பார்த்தேன். தண்ணீர் விளிம்புவரை தளும்பிக்கொண்டிருந்தது. அதோடு இன்னொன்றும் தெரிந்தது. தண்ணீருக்கடியில், தொட்டியின் குறுக்கே ஒரு இரும்புத் தகடு. சற்றுத் தள்ளி இன்னொன்று.

"அண்ணே," என்றேன் மேலிருந்தே. குரல் எனக்கே அன்னியமாக இருந்தது. "உள்ள என்ன தகடு?"

"தடுப்புமா. மூணு கீது. இல்லாங்காட்டி பிரேக் போட்டா தண்ணி அலமோதி வண்டியத் தள்ளிடும்ல."

மூன்று தடுப்பு. என் கணக்கில் உள்ளே எதுவுமே கிடையாது. காலியான, வழவழப்பான, கள்ளங்கபடமற்ற உருளைக் கூடு. நடுவில் மூன்று இடத்தில் தகடு வைத்துப் பற்ற வைத்த தொட்டியைத் தட்டி எடுத்த ஒரு எண்கூட என் கட்டுரைக்கு உதவாது. காலையிலிருந்து தட்டிய அத்தனையும் வீண்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே அண்ணே!"

"நீ எங்கமா பேச வுட்ட? சத்தம் போடாத, சத்தம் போடாதன்னுக்கினு இருந்த."

கீழே அறுபது தலைகள் நிமிர்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. நரசிம்மன் மாமா கையைக் கண்ணுக்கு மேல் வைத்து நின்றார். சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு கையால் மூடியைப் பிடித்துக்கொண்டு உரக்கச் சொன்னேன்:

"இந்த லாரி நிறைஞ்சிருக்கு! தண்ணி விளிம்புவரைக்கும் இருக்கு! ஒரு குடம்கூடக் குறையலை!"

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு இது என்ன ஏதென்று தெரியாது. பெண் வீட்டுக்காரர்கள் ஏதோ நல்ல வார்த்தை சொல்லி வரவேற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். இரண்டு கையையும் விரித்து, "மாஷா அல்லாஹ்!" என்றார். உடனே எல்லோரும் "மாஷா அல்லாஹ்" என்றார்கள். யாரோ கைதட்டினார்கள். ஏழுமலை அண்ணன் திருநீறு பூசிய நெற்றியைத் துடைத்துக்கொண்டு, சபைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஹோஸை இறக்கினார்.

"அப்போ மிஷின் தப்பா?" என்று நரசிம்மன் மாமா ஏமாற்றத்தோடு கேட்டார்.

"இல்ல மாமா," என்றேன். "நான்தான்."

ஒரு மணிக்குப் பரிமாற வேண்டிய பிரியாணி மூன்றரைக்கு வந்தது. அதுவரை மாப்பிள்ளை வீட்டாருக்கு அம்மா எங்கள் வீட்டிலிருந்த அத்தனை பிஸ்கட்டையும், கிறிஸ்துமஸ் கேக்குக்கென்று ஆரஞ்சுச் சாற்றில் ஊறப்போட்டிருந்த உலர்பழங்களையும்கூடக் கொடுத்துத் தீர்த்தாள். எச்சில் இலை எடுப்பதிலிருந்து தேக்சா கழுவும்வரை நான் வேலை செய்தேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஈக்காட்டுத்தாங்கல் மாஸ்டர் மூன்றாவது முறை ஒரு நிஜமான முட்டை வடிவத்தைக் கொடுத்தார் ("பாக்க நல்லாவே இல்ல மேடம், உங்க இஷ்டம்"). அதை ஆய்வகத்தில், கதவைச் சாத்திக்கொண்டு தட்டினேன். கணக்கோடு ஒத்துப்போனது. கட்டுரை வந்தது, பட்டமும் வந்தது. ஜமீலா ஆன்ட்டி என்னிடம் மறுபடி பேச ஆரம்பிக்க அவருக்குப் பேரன் பிறக்க வேண்டியிருந்தது. இப்போது நான் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். கல்யாணமாகிக் கோடம்பாக்கத்தில் இருக்கிறேன்.

ஆனால் மயிலாப்பூரில் வெயில் காலம் வந்தால் அம்மா இன்னும் லாரிக்குப் போன் பண்ணுகிறாள். எங்கள் முகவரியைச் சொன்னதும் மறுமுனையில் ஒரு தயக்கம். ஏழுமலை அண்ணன் மட்டுமில்லை, அந்தக் கம்பெனியின் எந்த டிரைவருமே ஒரு கேள்வி கேட்காமல் அந்தத் தெருவுக்கு வண்டி எடுப்பதில்லை. போன மாதம் நான் அங்கே போயிருந்தபோது அம்மா ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தட்ற பொண்ணு ஊட்ல கீதாமா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

"இல்லப்பா," என்றாள் அம்மா, கொஞ்சமும் கூசாமல். "அவளக் கட்டிக் குடுத்துட்டோம். நீ தைரியமா வா."

அரை மணி நேரத்தில் லாரி வந்தது. முனைவர் ஸ்டெல்லா, அது தண்ணீர் விட்டுவிட்டுத் தெரு முனை திரும்பும்வரை, பின்பக்க அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, தும்மல்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.